குடும்பத்தாருக்கு மாடியில்

நாற்காலிகளை வட்டமாகப் போட்டுக்கொண்டிருந்தவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. வாசலில் கேட்ட காலடி ஒரு பெண்ணுடையது என்பதே அவருக்குப் போதுமானதாக இருந்தது. “குடும்பத்தாருக்கு மாடியிலம்மா. இடது பக்கம் படி. கைப்பிடி கொஞ்சம் ஆடும், பார்த்துப் போங்க” என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு அடுத்த நாற்காலியை விரித்தார். குரலில் அத்தனை பரிவு. எரிந்து விழுந்திருந்தாலாவது அவள் பதில் சொல்லியிருப்பாள்.

பேருந்தில் வரும் வழியெல்லாம் ஒரு வாக்கியத்தை உருப்போட்டு வைத்திருந்தாள். ‘நான் குடிக்கிறவ, உள்ள வரலாமா?’ ஜன்னலோரம் உட்கார்ந்து, பக்கத்து இருக்கைக்காரர் ஒரு மாதிரியாகப் பார்க்கிற அளவுக்கு உதட்டை அசைத்துச் சொல்லிப் பார்த்தாயிற்று. இப்போது அது தொண்டைவரை வந்தது, வந்த வழியே திரும்பிப் போனது. “சரிங்கண்ணே” என்றாள். இடது பக்கம் திரும்பி மாடி ஏறினாள். கைப்பிடி ஆடத்தான் செய்தது.

குடியை விட நினைக்கிறவர்கள் கூடுகிற இடங்களில் இது மூன்றாவது. முதலில் போனது ஒரு மருத்துவமனைக்குப் பின்னால் இருந்த நீளமான அறை. பதினான்கு ஆண்கள். அவள் தலையைக் காட்டியதும் பேசிக்கொண்டிருந்தவர் பாதி வாக்கியத்தில் நிறுத்திக்கொண்டார்; ஒருவர் அவசரமாகச் சட்டைப் பொத்தானைப் போட்டார். இன்னொருவர் எழுந்து நின்று, “யாரைத் தேடுறீங்க மேடம்?” என்றார். என்னைத்தான் என்று சொல்லத் தெரியாமல், தப்பாக வந்துவிட்டதாகச் சொல்லித் திரும்பிவிட்டாள். இரண்டாவது, கைப்பேசியிலேயே கூடுகிற கூட்டம். அதில் சின்னச் சின்னக் கட்டங்களில் முகங்கள், அவற்றுக்கு நடுவே உப்பிப்போன அவளுடைய முகம். பத்தாவது நிமிடத்தில் யாரோ ஒருவன், ‘வீட்டுல தனியாவா இருக்கீங்க?’ என்று தனியாகச் செய்தி அனுப்பினான். கைப்பேசியை அணைத்துவிட்டு அன்று சாயங்காலம் அரை போத்தலைக் காலி செய்தாள்.

அவள் ரத்தம் எடுக்கிறவள். பதினோரு வருடமாக அதே பரிசோதனைக்கூடம், அதே மேசை. கையில் ரப்பர் பட்டையைக் கட்டி, முழங்கை மடிப்பில் இரண்டு விரலை வைத்தால் போதும், எந்த நரம்பு ஒளிந்துகொண்டிருக்கிறது, எது ஊசியைக் கண்டால் நழுவும் என்று விரலே சொல்லிவிடும். கூட வேலை செய்கிறவர்கள் அவளுக்கு வைத்த பெயர் ‘ஒரே குத்து’. கிழவிகள் மற்ற மேசைகள் காலியாக இருந்தாலும் அவளுக்காகக் காத்திருப்பார்கள். அந்தப் பெயரும் புகழும் கையில் இருந்த வரைக்கும்தான். கை நடுங்கத் தொடங்கியபோது அது நிற்பதற்காகவே காலையில் இரண்டு மூடி குடித்தாள். இரண்டு நான்காயிற்று. ஒருநாள் எலும்பும் தோலுமாக இருந்த ஒரு பெரியவருக்கு ஐந்து முறை குத்தியும் ரத்தம் வரவில்லை. அவர் இன்னொரு கையை நீட்டினார். பின்னால் வந்து நின்ற லேப் மேடம் குனிந்து அவள் காதருகே ஒரு முறை மூச்சை இழுத்தாள், அவ்வளவுதான். வேலையை விட்டு அனுப்பவில்லை. ரத்தக் குழாய்களில் பெயர்ச் சீட்டு ஒட்டுகிற மூலைக்கு மாற்றினார்கள்.

அதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். தாங்க முடியாதது மகளுடைய விஷயம்.

செவ்வாய்க்கிழமைகளில் பிள்ளையைப் பள்ளியிலிருந்து அழைத்து வருவது அவள் பொறுப்பு. கணவனுக்கு அன்று அச்சகத்தில் பிற்பகல் முறை. பத்தே நிமிடம் கண்ணை மூடலாம் என்று படுத்தவள் எழுந்தபோது மணி ஆறு. மூன்றரைக்கு விட்ட பள்ளி. ஒன்பது வயதுப் பெண் வாசல் கதவோடு ஒட்டி நின்றுகொண்டிருந்தாள். காவலாளி தன் நாற்காலியைக் கொடுத்திருக்கிறார், உட்காரவில்லை. உள்ளே வந்து இரு என்றிருக்கிறார், வரவில்லை. வாசலை விட்டு அசையாதே என்று சொல்லிவைத்தது அம்மா அல்லவா. கழிப்பறைக்குப் போகக்கூட அசையாமல், நின்ற இடத்திலேயே நனைத்துக்கொண்டு நின்றாள். வழியெல்லாம் பிள்ளை அழவில்லை. “அப்பாகிட்ட சொல்லாதேம்மா, நான் மூத்திரம் போனதை” என்று மட்டும் கேட்டாள்.

கணவன் கத்தவில்லை. கத்துகிற ஆள் இல்லை அவர். எதையும் இரண்டு முறை யோசித்து அரை முறை பேசுகிறவர். மறுநாள் பிள்ளையின் துணிகளை மடித்துப் பையில் வைத்தார், கூடவே தன்னுடையதையும். “அக்கா வீட்ல இருக்கோம். பன்னெண்டு வாரம் கூட்டத்துக்குப் போ. விடாம போ. அதுக்கப்புறம் பிள்ளையைக் கூட்டிட்டு வரேன்” என்றார். பன்னிரண்டு ஞாயிற்றுக்கிழமைகள். அதற்குத்தான் இந்த மாடிப்படி.

மாடியில் ஏழு பெண்கள் இருந்தார்கள். அவளைப் பார்த்ததும் பேச்சை யாரும் நிறுத்தவில்லை. நகர்ந்து இடம் விட்டார்கள். ஒருத்தி தேநீரை நீட்டினாள். கூட்டத்தை நடத்துகிறவள் தபால்கார அக்கா. முப்பது வருடம் வீடு வீடாகக் கடிதம் கொடுத்து ஓய்வுபெற்றவள். வாசலில் நிற்பவர் முகத்தைப் பார்த்தே உள்ளே என்ன நடக்கிறது என்று சொல்லக்கூடியவள் என்று தன்னைப் பற்றி அவளுக்கு ஒரு நினைப்பு. “இங்க பேரெல்லாம் கேக்கமாட்டோம்மா. இங்க பேசினது இங்கயே இருக்கும். சரி, குடிக்கிறது யாரு, வீட்டுக்காரரா பிள்ளையா?” என்றாள்.

கேள்வியில் இரண்டே பதில்தான் இருந்தது. அவள் ஒன்றை எடுத்துக்கொண்டாள். “வீட்டுக்காரர்.”

சொன்ன பிறகு மடை திறந்தது. அவர் காலையிலேயே குடிக்கிறார். துணிப்பெட்டிக்கு அடியில், சலவைத்தூள் டப்பாவுக்குள், குளியலறைத் தண்ணீர்த் தொட்டியில் ஒளித்துவைக்கிறார். வேலை போகிற நிலை. பிள்ளையைப் பள்ளி வாசலில் மறந்துவிட்டார். நனைந்த உடுப்போடு பிள்ளை நின்றதைச் சொல்லும்போது அவளுக்குத் தேம்பல் வந்துவிட்டது. இத்தனை நாளும் யாரிடமும், தன்னிடமே கூட, இவ்வளவு உண்மையை அவள் பேசியதில்லை. ஆளைத்தான் மாற்றியிருந்தாள், மற்றபடி ஒன்றுகூடப் பொய்யில்லை. ஏழு பெண்களும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். “பாவி” என்றாள் ஒருத்தி. இன்னொருத்தி, “நீ இருக்கக்கண்டுதான் அந்தப் பிள்ளை பொழைச்சுக் கிடக்கு” என்று அவள் முதுகைத் தடவினாள். அந்தக் கை சூடாக இருந்தது. பல மாதங்களுக்குப் பிறகு ஒரு மனிதக் கை அவள் மேல் பட்டது அன்றுதான்.

அன்று குடிக்கவில்லை. அடுத்த நாளும் இல்லை. ஒன்பது நாள் அப்படிப் போனது. தவறான மருந்து குணப்படுத்தினால் யார்தான் வேண்டாம் என்பார்கள்? ஞாயிறு சாயங்காலம் கணவன் கூப்பிடும்போது, “போனேன், பேசினேன்” என்றாள். இரண்டும் நிஜம்தானே. “நிஜமாவே பேசினியா?” என்று கேட்டவரின் குரலில் அத்தனை சந்தோஷம். அடுத்த கேள்வி வருவதற்குள் கைப்பேசியை வைத்துவிட்டாள்.

ஒவ்வொரு வாரமும், இந்த வாரம் கீழே, குடிக்கிறவர்களின் கூட்டத்துக்கே போய்விடுவது என்றுதான் வீட்டிலிருந்து கிளம்புவாள். மூன்றாவது வாரம் கீழ் அறை வாசலில் நின்றேவிட்டாள். உள்ளே ஒருவர், தான் சாக்கடையில் விழுந்து கிடந்து, எதிரே வந்த நாயிடம் வழி கேட்டதைச் சொல்லிக்கொண்டிருந்தார். அறையே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. சொன்னவரும் சிரித்தார், சிரித்துக்கொண்டே அழுதார். அவளும் விழுந்திருக்கிறாள், குளியலறையில், மகள் கதவைத் தட்டத் தட்ட. அதைச் சொன்னால் இங்கே யார் சிரிப்பார்கள்? ஆணுக்குத் தான் விழுந்ததைச் சொல்லிச் சிரிக்க ஒரு வட்டமாவது இருந்தது. நாற்காலி அண்ணன் அவளைப் பார்த்துவிட்டார். “என்னம்மா, மேல டீ தீர்ந்துபோச்சா? இந்தாங்க” என்று ஒரு பிளாஸ்கைக் கையில் கொடுத்து அனுப்பினார். அதைத் தூக்கிக்கொண்டு அவள் மாடி ஏறினாள்.

மாடியில் உட்கார்ந்திருப்பதற்கு வேறொரு விலை இருந்தது. அவர்கள் பேசுவதையும் கேட்க வேண்டியிருந்தது. பள்ளி ஆசிரியை ஒருத்தி, கல்யாணமாகி இரண்டு வருடம்தான், பூட்டுக்குள் சாவி நுழைகிற சத்தத்திலேயே அன்றைக்கு எத்தனை ரவுண்டு என்று தனக்குத் தெரிந்துவிடும் என்றாள். அதைக் கேட்டபோது இவளுக்குத் தன் கணவனின் ஞாபகம் வந்தது. இவள் வேலை முடிந்து கதவைத் திறக்கும்போதெல்லாம் அவர் செய்துகொண்டிருந்ததை அப்படியே நிறுத்தி, தலையைச் சாய்த்து நிற்பார். காது மந்தமாகிவிட்டது போல என்று கேலி செய்திருக்கிறாள்.

தையல்கார அம்மா பேசியது இன்னும் மோசம். அவளுக்கு முப்பது வயதில் ஒரே மகன். “குடிச்சுட்டுக் கிடக்கும்போது கிட்டப் போயி மூக்குக்கிட்ட கையை வச்சுப் பார்ப்பேன். மூச்சு வருதான்னு. வந்தா நிம்மதி. நிம்மதியான மறுநிமிஷம், ஏன்டா வருதுன்னு இருக்கும். அப்படி நினைச்சதுக்காகக் குளிச்சுட்டு வந்து அழுவேன்.”

இவளுக்கும் ஒரு கை ஞாபகம் வந்தது. ஒருமுறை கண் விழித்தபோது கணவனின் கை முகத்துக்கு நேராக இருந்தது. அடிக்க வருகிறார் என்று நினைத்து வீடு அதிரக் கத்தினாள். அவர் கையை இழுத்துக்கொண்டு, “ஒண்ணுமில்ல, தூங்கு” என்றார். ஒரு வருடமாக அந்தக் கைக்கு அவள் வைத்திருந்த கணக்கே வேறு. நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். அந்த அறையில் எழுந்து நின்று, அந்தக் கையை நான் தப்பாக நினைத்துவிட்டேன் என்று சொல்ல வேண்டும்போல் இருந்தது. ஆனால் இங்கே அவள் தூங்கியவள் இல்லை, கை வைத்துப் பார்த்தவள்.

கூட்டத்தில் யாரும் யாருக்கும் புத்தி சொல்லக்கூடாது என்று சுவரில் எழுதி ஒட்டியிருந்தது. தபால்கார அக்கா அதற்கு முதுகைக் காட்டி உட்கார்வாள். “பிள்ளை இப்ப எங்கே?” என்று நான்காவது வாரம் கேட்டாள்.

“நாத்தனார் வீட்டுலக்கா.”

“நல்ல காரியம். அங்கேயே இருக்கட்டும். அந்த ஆளு கையில மட்டும் குடுத்துடாதே. திருந்திட்டேன், கூட்டத்துக்குப் போறேன்னு வந்து நிப்பான். குடிக்கிறவங்க பேச்சு, தண்ணியில எழுதினதுதான். நான் இருபது வருஷம் நம்பிப் பார்த்தவ. சொல்றேன், நம்பாதே.”

“சரிக்கா” என்றாள். தனக்கு எதிரான தீர்ப்புக்குத் தானே தலையாட்டிவிட்டுப் பேருந்து ஏறினாள். இறங்கியதும் நேராகக் கடைக்குப் போனாள்.

அந்த வாரமும் அடுத்த வாரமும் முழுக்கக் குடிதான். ஆறாவது ஞாயிறு வந்தபோது அவள் கன்னத்தில் முழு நீளத்துக்குக் கன்றியிருந்தது. குளியலறைக் கல்லில் இடித்துக்கொண்டது. நிமிர்ந்து நிற்பதற்காகக் கொஞ்சம் குடித்துவிட்டுத்தான் வந்திருந்தாள். மூடிய கதவைத் தாண்டி வாடையைக் கண்டுபிடிக்கிற மூக்குகள் அந்த மாடியில் இருந்தவை. இன்றோடு முடிந்தது, எழுந்து போகச் சொல்லிவிடுவார்கள் என்று நினைத்தாள். அப்படிச் சொன்னால் தேவலை என்றும் நினைத்தாள். தபால்கார அக்கா அவளைக் கட்டிக்கொண்டாள், முகர்ந்தாள், விலகிக் கன்னத்தைப் பார்த்தாள். “பாரு, உன் மேலேயே வீசுது அந்த நாத்தம். மேல ஊத்தினானா? அடிச்சானா?”

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். “அடிச்சிருக்கான்” என்று தபால்கார அக்கா மற்றவர்களிடம் சொன்னாள். ஆசிரியை ஓடிப்போய் ஈரத்துணி கொண்டுவந்தாள். ஏழு பேரும் சுற்றி உட்கார்ந்து, வாழ்நாளில் ஒரு எறும்பைக்கூட நசுக்காத ஒரு மனிதனைத் திட்டித் தீர்த்தார்கள். அவள் ஈரத்துணியைக் கன்னத்தில் பிடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள். அதைவிடக் கீழே இறங்குவதற்குப் படி இல்லை என்று தோன்றியது. அன்று வீட்டுக்குப் போய், இருந்ததையெல்லாம் கழுவுதொட்டியில் கொட்டினாள்.

ஏழாவது ஞாயிறு. ஏழு நாள் குடிக்காத உடம்பு உள்ளுக்குள் அதிர்ந்துகொண்டிருந்தது. கன்னத்தில் கன்றியது மஞ்சளாகியிருந்தது. அன்று எப்படியும் கீழே போயிருப்பாளா என்று கேட்டால் அவளாலேயே சொல்ல முடியாது. கீழே வாசலில் நாற்காலி அண்ணன் இல்லை, உள்ளே மேசையை நகர்த்திக்கொண்டிருந்தார். வழி காட்ட ஆளில்லாதபோதும் கால் தானாக இடது பக்கம் திரும்பிப் படி ஏறிவிட்டது. உட்கார்ந்து தேநீரை வாங்கும்போது கீழேயிருந்து பேச்சுக்குரல் வந்தது.

“வாங்க சார், வாங்க. முதல் தடவையா? கூச்சப்படாதீங்க, நாங்க எல்லாருமே அப்படி வந்தவங்கதான்.”

“இல்லைங்க. நான் குடிக்கிறதில்ல.” சற்று இடைவெளி. “குடும்பத்துக்குன்னு தனியா ஒரு கூட்டம் இருக்குன்னு சொன்னாங்க.”

“அட, மன்னிச்சுக்குங்க. மாடியில சார். கைப்பிடி ஆடும்.”

அந்த இடைவெளியை அவளுக்குத் தெரியும். பதிமூன்று வருடம் அதோடு வாழ்ந்திருக்கிறாள். ஒவ்வொரு படியாகக் காலடி ஏறி வந்தது. அறைக்கு ஒரே கதவுதான்.

கணவன் உள்ளே வந்தார். ஞாயிற்றுக்கிழமைக்கென்று வைத்திருக்கிற சட்டை. கீழே தன் மனைவி உட்கார்ந்திருக்கிறாள், மேலே தானும் உட்கார்ந்து தன் பங்கைச் செய்யலாம் என்று கிளம்பி வந்தவரின் முகம். வட்டத்தைச் சுற்றி வந்த கண் அவளிடம் வந்து நின்றது. முதலில் அதில் ஒரு சந்தோஷம். பிறகு அவள் கன்னத்தைப் பார்த்தார். பிறகு, இந்த அறை எது என்பது நினைவுக்கு வந்ததுபோல் கதவைத் திரும்பிப் பார்த்தார்.

“வாங்க தம்பி, உக்காருங்க” என்றாள் தபால்கார அக்கா. ஆண் ஒருவர் வந்ததில் அவளுக்குப் பெருமை. “யாருக்காக வந்திருக்கீங்க? அப்பாவா, அண்ணனா?”

“இன்னைக்கு நான் கேட்டுக்கறேங்க” என்று எதிரே இருந்த காலி நாற்காலியில் உட்கார்ந்தார்.

“தாராளமா.” தபால்கார அக்கா திரும்பி அவள் முழங்காலில் கை வைத்தாள். “நீ சொல்லும்மா. போன வாரம் அந்த ஆளு அடிச்சு இந்தக் கோலத்துல வந்தே. இந்த வாரம் எப்படி? பிள்ளையைக் கேட்டு வந்தானா? குடுத்துடலையே?”

அறையில் அத்தனை அன்பான முகங்கள். அவளால் பார்க்க முடிந்தது எதிரே இருந்த ஒரு முகத்தை மட்டும். அவர் கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அச்சில் வந்த பக்கத்தைப் படித்து, பிழை எங்கே என்று தேடுகிறவரைப்போல் உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். தேடிக் கண்டுபிடித்துவிட்டார் என்பது அவர் உதடு மெல்லத் திறந்தபோது தெரிந்தது.

“அவர் என்னை அடிச்சதே இல்லக்கா” என்றாள்.

யாரும் அதிரவில்லை. ஆசிரியை இரக்கமாகப் புன்னகைத்தாள். “நானும் ஆஸ்பத்திரியில இதேதான் சொன்னேன். கதவுல இடிச்சுக்கிட்டேன்னு.”

“அவர் குடிக்கிறதும் இல்ல. ஒரு நாளும் இல்ல. குடிக்கிறது நான். பிள்ளையை மறந்துபோய்ப் படுத்துக் கிடந்தவ நான்.”

ஏழு வாரமாகத் தொண்டையில் கிடந்தது கடைசியில் வெளியே வந்துவிட்டது. தரை பிளக்கும் என்று காத்திருந்தாள். தபால்கார அக்கா நாற்காலியை இழுத்துப்போட்டு அருகில் வந்தாள். “சொல்லுவோம்மா. எல்லாரும் இந்த இடத்துக்கு வருவோம். எல்லாம் என் தப்பு, நான் சரியா இருந்தா அவன் ஏன் குடிக்கிறான்னு நான் எத்தனை வருஷம் சொன்னேன் தெரியுமா? நீ ஒரு படி மேல போயி நானே குடிச்சேன்ங்கற.”

“மோந்து பாருங்கக்கா.”

தபால்கார அக்கா குனிந்து முகர்ந்தாள். “என்ன இருக்கு? தேத்தண்ணி வாசம்தான் இருக்கு.” தையல்கார அம்மா எழுந்து வந்து அவள் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்து அணைத்தாள். “மிரட்டி வச்சிருக்கான், அதான் இப்படிப் பேசுது” என்றாள் யாரோ. “இந்த மாதிரி ஆளுங்களை உள்ள தூக்கிப் போடணும்” என்றாள் இன்னொருத்தி. ஈரத்துணி வந்தது. தண்ணீர் வந்தது. ஏழு பேரும் எழுந்து அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். மூச்சு விட இடமில்லாத அந்த அன்புக்குள், “நான்தான், நான்தான்” என்று அவள் சொல்லிக்கொண்டேயிருந்தாள். “ஆமாம்மா, ஆமாம்” என்று முதுகைத் தட்டினார்கள்.

தையல்கார அம்மாவின் கைக்கும் இடுப்புக்கும் நடுவே இருந்த இடைவெளியில் எதிர்ப்பக்கம் கொஞ்சம் தெரிந்தது. காலி நாற்காலிகளுக்கு நடுவில் அவர் ஒருவர் மட்டும் உட்கார்ந்திருந்தார். தரையைப் பார்த்துக்கொண்டிருந்தவர் தலையை நிமிர்த்தினார். பேச வேண்டுமானால் இங்கே என்ன முறை என்று தெரியாமல், பள்ளிக்கூடத்துப் பிள்ளையைப்போல் வலது கையைத் தூக்கினார். எத்தனை தேய்த்தாலும் போகாத அச்சு மை நகக்கண்களில் கறுத்திருந்தது. எல்லோரும் அவளைத் தேற்றுவதில் இருந்ததால் அந்தக் கையை வேறு யாரும் பார்க்கவில்லை. அவர் அதை இறக்கவும் இல்லை.